சன்னா விட்டுவைத்த கிளை

எங்கள் கடலோர ஊர் கிளிப்ஹுக்கில் யாரைக் கேட்டாலும், சன்னா கிவீடோவுக்கு மரம் வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பார்கள். இருபத்து மூன்று வருஷம் அவளுடைய விறகுக்கு டிராக்டர் ஓட்டியவன் நான். என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். அவள் நாற்பது வருஷமாக ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். குறுக்கே மரம் நின்றது. அதனால் வெட்டினாள்.

அந்த மரம் ரூய்கிரான்ஸ். எங்கள் மண்ணில் பிறந்ததில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த வேலமரச் சாதி. கறுப்பு விதை, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். காயைப் பிளந்தால் யாரோ உள்ளேயிருந்து முறைப்பது போல இருக்கும். அந்தச் சிவப்புக்கு ஆசைப்பட்டுக் குருவிகள் தின்று, போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டுப் போகும். தணல் மட்டும் அருமையான தணல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி சுட வேறு விறகைக் கொண்டுவந்தால் மாப்பிள்ளைக்குக்கூட மரியாதை கிடையாது. மரத்தைத் திட்டிக்கொண்டே அதன் தணலில் சுட்டுத் தின்கிற ஊர் எங்களுடையது.

அது வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் மணல் நடந்துகொண்டிருந்தது. கதைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடந்தது. எங்கள் நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு. மூக்கின் மேற்கே ஒரு கடற்கரை, கிழக்கே ஒரு கடற்கரை, நடுவில் எட்டு மைல் தரை. மேற்கே அலை கொண்டுவந்து போடும் மணலைத் தென்மேற்குக் காற்று தூக்கி, குன்று குன்றாக அந்த எட்டு மைலும் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்குக் கடற்கரையில் சேர்க்கும். ஒரு குன்று வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி போகும். என் சிறு வயதில், போன வருஷம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குன்று இந்த வருஷம் இந்தப் பக்கம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போவாள்.

அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. சாலை மூடுகிறது, மேய்ச்சல் நிலம் மூடுகிறது என்று விதை மூட்டைகளை அனுப்பினார்கள். விதைக்கும் கூலிப்படைக்குத் தலைவர் சன்னாவின் அப்பா அபெல் கிவீடோ. தோளில் பை. குதிகாலால் மணலில் ஒரு குழி, அதில் நாலு விதை, அதன் மேல் ஒரு மிதி, பறக்காமலிருக்கச் சுள்ளிக் கட்டு. இப்படியே நாள் முழுக்க நடப்பார்கள். அவர் மிதித்த மிதியில் ஒன்றுகூடத் தப்பாது என்று எங்கள் அப்பா சொல்வார்.

1963-ஆம் வருஷம் சன்னாவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பன் யார் என்று கேட்க வந்த வாய்களை அபெல் ஒரே பார்வையில் மூடினார். குழந்தைக்கு நெட்டி என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாள் இருந்தாள்.

சன்னா காய்ச்சலில் கிடந்தாள், எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. எங்கள் ஜனங்கள் புதைத்த இடத்தில் கல் நடுவதில்லை, சிப்பி வைப்போம். பெர்லமூன் என்று எங்கள் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கையகலச் சிப்பி, உள்ளே பார்த்தால் வானவில் மின்னும். அந்த உள்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஜன்னலோரம் அடுக்கியிருந்ததில் ஒன்பதை எண்ணி அப்பாவின் கையில் கொடுத்தாள் சன்னா, நாளுக்கு ஒன்றாக. அபெல் பிள்ளையைக் கிடத்திய மீன் பெட்டியை ஒரு தோளிலும், மண்வெட்டியையும் கடப்பாரையையும் இன்னொரு தோளிலும் வைத்துக்கொண்டு, காலையில் தனியாக மேற்கே நடந்தார். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து ரத்தமாக இருந்தது. நேராகப் போய் உப்புத் தண்ணீரில் கையை வைத்தார்.

ஆறு வாரம் கழித்து சன்னா எழுந்து மேற்கே போனபோது அங்கே குன்று, பள்ளம் எல்லாவற்றிலும் சுள்ளி பரப்பியிருந்தது. விதைத்தாகிவிட்டது. விதைத்தது அபெல்தான்.

"எங்க வச்ச, அப்பா?" என்று கேட்டாளாம்.

"வச்சாச்சு. போய்த் தேடாத."

"என் புள்ள மேலயே வெதச்சியா?"

அபெல் விதைப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், அவர் சாகும்வரைக்கும், சன்னா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. மணலில் வைத்தது நிற்காது என்று எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அப்படிப்பட்ட மணலில் தன் பிள்ளையை அவசரமாகத் தள்ளிவிட்டு, அடையாளத்தையும் அழித்துவிட்டார் என்பதுதான் அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

ஐந்தே வருஷத்தில் அங்கே பகலிலும் வெளிச்சம் இறங்காத காடு. முயல்கூட வளைந்து வளைந்துதான் போக வேண்டும். சன்னா கோடரியை எடுத்தது அப்போதுதான்.

ஊர் அவளை உழைப்பாளி என்றது. தார்ச்சாலையோரம் கம்பி கட்டிய விறகுக் கட்டுகள் அவளுடையதுதான் முதலில் தீரும். ஆனால் பாருங்கள், விறகுவெட்டிகளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ரூய்கிரான்ஸை மொட்டையாக வெட்டினால் செத்துவிடும். அடியில் பச்சையாக ஒரே ஒரு கிளையை விட்டால் போதும், திரும்பத் தழைத்து ஏழு வருஷத்தில் மறுபடி வெட்டலாம். அதை மூச்சுக்கிளை என்போம். அதை வெட்டுகிறவன் அடுத்தவன் அடுப்பை அணைக்கிறவன். சன்னாவும் விட்டாள். விட்டால்தானே அடுத்த ஏழு வருஷம் வயிறு நிறையும்? ஒரு பக்கம் தேடிக்கொண்டே போவாள், பின்னால் காடு மூடிக்கொண்டே வரும். இதைவிடக் கொடுமையான வேலையை எதிரிக்கும் கொடுக்க மாட்டேன் நான்.

இதற்கிடையில் கிழக்குக் கடற்கரை மெலிந்தது. மணல் போய், பாறைப் பல் தெரிந்தது. முதல் வரிசைப் பணக்கார வீடுகளின் வாசற்படியில் அலை வந்து உட்கார்ந்தது. சிமெண்ட் கொட்டிப் பார்த்தார்கள், மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் படித்தவர்கள் வந்து கண்டுபிடித்துச் சொன்னார்கள், மேற்கேயிருந்து வர வேண்டிய மணலை வழியில் மரம் பிடித்து வைத்திருக்கிறது என்று. எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கண்டுபிடிப்புக்குச் சிரித்திருப்பாள்.

அப்படித்தான் 2002-இல் மரத்தை ஒழிக்க அரசாங்கமே கூலிப்படை எடுத்தது. அப்பா விதைத்ததைப் பிடுங்க மகள் தலைவி. அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நான் டிராக்டர். மோட்டார் ரம்பம் பிடிக்க நொம்வூயோ என்று இருபத்து நாலு வயதுப் பெண், மலைப்பக்கத்துக் கோசா ஜனம், வாய் நீளம், கை அதைவிட வேகம். இன்னும் எட்டுப் பேர். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் போட்டிருந்தார்கள்.

முதல் வாரமே ரகளை. சன்னா ஓர் அடிக்கட்டையைப் பூட்ஸ் காலால் தட்டினாள்.

"இது என்னடி?"

"கட்டைக்கா," என்றாள் நொம்வூயோ.

"அதுல பச்சையா ஒண்ணு ஆடுதே, அது என்ன? உன் காதுக் கம்மலா?"

நொம்வூயோ குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்கதோசம்க்கா. சின்ன வயசுலேந்து எங்கப்பாகூட வெறகு வெட்டினவ. கெளைகிட்ட வந்தா கை தானா நின்னுடுது."

"நாப்பது மரம் வெட்டி, நாப்பதுக்கும் உசுரு குடுத்து வச்சிருக்கீங்க. கொல்லச் சொன்னா ஜாமீன் எடுத்து விடுறீங்களா எல்லாரும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "மரம் வெட்ட வந்தமா, முடி வெட்ட வந்தமான்னு தெளிவாச் சொல்லுக்கா," என்றேன்.

"நீ பேசாத யாப்பி. அந்தக் கெளையில வெளஞ்ச வெறகுதான் உன் டிராக்டருக்கு டீசல் ஊத்துச்சு. எறங்கு. நீயும் வெட்டு."

நானும் இறங்கி வெட்டினேன். எல்லோருமாகத் திரும்பப் போய் நாற்பது மரத்துக்கும் குனிந்து குனிந்து மூச்சுக்கிளையை அறுத்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒவ்வொன்றை அறுக்கும்போதும் எனக்குக் குற்றம் செய்கிற மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து சன்னா ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போகவிட்டதில்லை.

பதினோராம் துண்டுக்கு வந்தோம். அது குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அபெல் போன திசை, போன நேரம், திரும்பிய நேரம் எல்லாவற்றையும் சன்னா நடந்து நடந்து பார்த்துக் கணக்குப் போட்டிருந்தாள். இதற்கு மேற்கே அவர் போயிருக்க முடியாது என்பது அவள் முடிவு. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததும் போனதும் ஊரறிந்த விஷயம். அந்தப் பிள்ளையை வைத்தது இந்தப் பள்ளத்தில் என்று அவள் நினைப்பது அன்று எனக்குத் தெரியாது.

"இதை நானும் என் கைரம்பமும் பாத்துக்கறோம். நீங்க பன்னெண்டுக்குப் போங்க," என்றாள்.

"தனியாவாக்கா? முதுகு போயிடும்," என்றாள் நொம்வூயோ.

"என் முதுகு உன்கிட்ட சாப்பாடு கேட்டுச்சா? போடி."

மறு வருஷம் பிப்ரவரி முழுவதும் அங்கேயே கிடந்தாள். நான் விறகை ஏற்றப் போகும்போதெல்லாம், வெட்டிய இடத்தில் மண்டியிட்டுச் சருகைக் கையால் விலக்கிக்கொண்டிருப்பாள். ஒன்றும் கிடைக்கவில்லை. முழங்கால் ஆழத்துக்குச் சருகு, அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே மணல்.

பிறகு ஆகஸ்ட் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் தென்மேற்குக் காற்று எழுந்தது. அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மேற்கே ஒன்றிலிருந்து பத்து வரை வெட்டிய துண்டுகளில், மரம் போய் வெறும் மணலாகக் கிடந்த தரை, மெதுவாக அசைந்தது. முதலில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு புகை. அடுப்பில் கொழுப்பு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் முழுவதும் அந்தச் சத்தம். அப்புறம் தரை முழுவதும் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தது. நாற்பது வருஷம் கட்டிப்போட்டிருந்தோம். கட்டவிழ்த்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்கு வழி மறக்கவில்லை.

நொம்வூயோ பிறந்ததிலிருந்து மணல் நடந்து பார்த்தவளில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள்.

"யாப்பி அண்ணே, இது உசுரோட இருக்குண்ணே," என்றாள்.

நான் அழுதேன். வெட்கமில்லை, அழுதேன்.

ஆனால் ஓடி வந்த மணல் பதினோராம் துண்டின் வாயில் வந்து நின்றுவிட்டது. மாடு வேலிக்கதவில் நிற்பது போல நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஆரம்பித்தது. என்னடா என்று போய்ப் பார்த்தோம். வெட்டிய கட்டையெல்லாம் காய்ந்து கிடக்க வேண்டிய இடத்தில், இடுப்பளவுக்குப் பச்சை. வாய் நெடுக ஒரு வரிசை, ஒரு மரம் விடாமல், அடியில் ஒரு கிளை விட்டு வெட்டியிருந்தது. அத்தனை சுத்தமாக மூச்சுக்கிளை விடத் தெரிந்த கை எங்கள் படையில் ஒன்றுதான்.

நொம்வூயோ எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பத்தேழு. திரும்பி வந்து சன்னாவின் முன்னால் நின்றாள்.

"எங்களை மட்டும் நாய் மாதிரி வெரட்டினியேக்கா. இது யாரு கம்மல்?"

சன்னா ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். காபித் தகரத்தைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். அப்புறம்தான் சொன்னாள், எல்லாவற்றையும், ஒன்பது சிப்பியிலிருந்து.

"எந்த எடம்னு தெரியுமாக்கா?" என்றேன்.

"இந்தப் பள்ளத்துக்குள்ள எங்கயோ. மரம் நின்னா அவ கெடைக்க மாட்டா. மரம் போனா அவளே போயிடுவா. காத்து அள்ளிட்டுப் போயிக் கெழக்குக் கடல்ல கொட்டிடும்டா யாப்பி. நாப்பது வருசம் இதை வெட்டணும் வெட்டணும்னு கெடந்தேன். கடைசிக் கெளைக்கு வந்ததும் பயமாப் போச்சு."

நொம்வூயோவின் கோபம் போன இடம் தெரியவில்லை. வியாழக்கிழமை மேற்பார்வைக்கு இல்ஸா வருவாள். செடிகொடிப் படிப்புப் படித்த பெண், பச்சையைப் பார்த்தால் பள்ளத்தையே மறுபடி வெட்டச் சொல்வாள், தலைவியை மாற்றுவாள்.

"தானா தழைச்சுதுன்னு நான் சொல்லிடறேன்க்கா. அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

சன்னா காபித் தகரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். காற்று மூன்று நாள் நிற்கவில்லை. அவள் வேலைக்கு வருவாள், பதினோராம் துண்டின் வாயில் போய் நிற்பாள், மணல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை மத்தியானம் முன்வரிசைப் பச்சை கழுத்துவரை மூழ்கி, நுனி மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. மூழ்க மூழ்க அது மேலே வளரும், வளர வளர மணலைப் பிடிக்கும், பிடித்த மணலில் இன்னும் வேர் விடும். இப்படித்தான் அது மலை கட்டுகிறது. மனிதனாக இருந்தால் காலில் விழலாம், அத்தனை பிடிவாதம்.

"இதுவரைக்கும் அவ மேல மரம்தான் நின்னுச்சு," என்றாள் சன்னா. "இப்ப மலையும் நிக்கணுமா?"

கைரம்பத்தை எடுத்தாள். நொம்வூயோ மோட்டாரின் கயிற்றை இழுக்கப் போனாள்.

"சத்தம் வேணாம்டி."

நாங்கள் மூன்று பேரும் மண்வெட்டியால் மணலை ஒதுக்கி, முப்பத்தேழு மரத்துக்கும் மண்டியிட்டு, கையால் அறுத்தோம். கடைசி மரத்தை எங்களைத் தொடவிடாமல் அவளே அறுத்தாள். முடித்ததும் கிளையை ஓரமாகப் போட்டுவிட்டு, "எடுத்துட்டுப் போறத எடுத்துட்டுப் போகட்டும்," என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுக்கும்போது பின்னால் அந்தப் பொரிகிற சத்தம் பள்ளத்துக்குள் இறங்குவது கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்டிய இடத்துக்கெல்லாம் வருஷாவருஷம் போய், முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். மண்ணில் கிடக்கும் விதைக்குச் சாவே கிடையாது போல, பிடுங்கப் பிடுங்க முளைக்கும். பதினோராம் துண்டுக்கு மட்டும் மற்றவர்களை அனுப்புவாள், வந்தவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். மணல் என்னவோ கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போய்ச் சேர அவள் ஆயுளும் பத்தாது, என் ஆயுளும் பத்தாது. ஆனால் போய்க்கொண்டிருந்தது.

2005 செப்டம்பரில் ஒரு நாள், கன்று பிடுங்கப் போன நொம்வூயோ பாதியில் திரும்பி வந்தாள்.

"அக்கா, வா," என்றாள். "திட்டாத. வா."

பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்று பார்த்தோம். ஓர் ஆள் உயரத்துக்கு மணல் இறங்கிப் போயிருந்தது. அடியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு தரை. மணலுக்குக் கீழே இப்படியொரு தரை இருக்கிறது என்று கிட்டத்தட்ட அறுபது வருஷம் வாழ்ந்தும் நான் பார்த்ததில்லை. அதன் மேல் சிப்பி. பத்து நூறு இல்லை, தரை தெரியாத அளவுக்குச் சிப்பி. நடுநடுவே தீயில் வெடித்த கற்கள், வட்டம் வட்டமாக அடுப்புகள், மீன் முள், கூராக உடைத்த கல் சில்லுகள். எந்தக் காலத்து மனிதர்களோ கூட்டமாக உட்கார்ந்து சுட்டுத் தின்றுவிட்டு எழுந்து போன இடம். மூவாயிரம் வருஷம்கூட இருக்கலாம் என்று பின்னால் இல்ஸா சொன்னாள். நான் முந்தின நாள் தின்ற அதே சிப்பியைத்தான் அவர்களும் தின்றிருக்கிறார்கள். அவர்கள் மேல் எத்தனை தடவை குன்றுகள் நடந்து போயினவோ, காற்று மணலை மட்டும் எடுத்துக்கொண்டு சிப்பியை அப்படியே வைத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மழைத்தண்ணீர் நின்றது. யார் கொண்டுவந்து விட்டார்களோ, அதில் தவளைகள் கத்தின.

சன்னா இரண்டடி இறங்கினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயிரம் வீட்டு எச்சில்ல என் ஒம்போது சிப்பிய எங்கடா தேடுவேன்?"

கடவுள் இத்தனை பெரிய கதவைத் திறந்துகாட்டிவிட்டு இப்படியா கேலி செய்வார் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நொம்வூயோதான் சொன்னாள்.

"இவங்கெல்லாம் தின்னுட்டு வீசுனதுக்கா. பாரு, கண்டமேனிக்குக் கெடக்கு, எல்லாம் சாம்பல் நெறமா. யாரும் வச்சதில்ல. வச்சது வேற மாதிரி இருக்கும்ல?"

மூன்று மணிக்கு மேலாகியிருந்தது, வெயில் மேற்கேயிருந்து சாய்வாக வந்தது. சன்னா கண்ணுக்கு மேல் கையை வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு சிப்பியையும் மிதிக்காமல், காலை வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

பள்ளத்தின் தெற்கு மூலையில் ஒன்பது பெர்லமூன். எல்லாம் உள்பக்கம் மேலே. நாற்பத்திரண்டு வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் வானவில் போகவில்லை. ஒன்பதும் ஒரு வளையமாக, யாரோ இப்போதுதான் வைத்துவிட்டு எழுந்த மாதிரி. வளையத்துக்கு நடுவே, அந்தக் கறுப்புத் தரையில், மீன் பெட்டி அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு நீள்சதுரம். கெட்டித் தரையை வெட்டி, பெட்டியை இறக்கி, மணல் போட்டு மூடியிருக்கிறது. நாலு ஓரமும் நேராக இருந்தது.

சன்னா மண்டியிட்டு அந்த ஓரத்தைத் தடவினாள். கறுப்புத் தரையில் விரல் விரலாகக் கடப்பாரை பதிந்த தடம். நானும் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி. ஒரு குத்துக்கு ஒரு சிட்டிகைதான் பெயரும்.

"கடப்பாரை," என்றாள். "மணலத் தோண்ட எதுக்குடா கடப்பாரை? நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். காலையில போனவரு, இருட்டற நேரத்துக்கு வந்தாரு. கையெல்லாம் ரத்தம்." ஓரத்தை மறுபடி தடவினாள். "மணல்ல வைக்கலடா யாப்பி. மணல் தீர்ற எடம் வரைக்கும் போயிருக்காரு. இந்தக் கெழவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? பதினெட்டு வருசம் ஒரே வீட்டுல. ஒரு வார்த்த."

அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிவீடோ ஜனங்களின் வாயைப் பற்றி ஊரில் ஒரு பழமொழியே உண்டு, அதை நான் அப்போது சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை தள்ளி நின்றோம்.

அந்த வெள்ளை மணலின் நடுவில், விரல் நீளத்துக்கு, இரண்டு இலை விட்டு ஒரு ரூய்கிரான்ஸ் கன்று நின்றது. எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் இரக்கம் வரும்.

"இத ஒண்ண மட்டும் விட்டுடலாமாக்கா? அடையாளத்துக்கு."

சன்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு கன்றைப் பார்த்தாள்.

"இவளையும் இந்த மரத்தையும் ஒரே கைதான் இந்த மண்ணுல வச்சுது," என்றாள். "ஒண்ணு இருக்கட்டும்."

இரண்டு விரலால் அடியைப் பிடித்து இழுத்தாள். விரல் நீளக் கன்றின் வேர் வந்துகொண்டே இருந்தது, அவள் முழங்கைவரைக்கும். வேரில் ஒட்டியிருந்த மணலை உதறி, ஒரு பருக்கைகூட வெளியே போகாமல் அந்த நீள்சதுரத்திலேயே போட்டு, உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினாள். பிறகு எழுந்து நொம்வூயோவைப் பார்த்தாள்.

"என்னடி வேடிக்கை? அந்தப் பக்கம் புடுங்கியாச்சா?"